நயினாதீவில் ஒரு கப்பல் சட்டம்: பழைய எழுத்தைக் கையால் படிக்கும் வழி

குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்கு வருகிறவர்களுக்கு அங்கே என்ன பார்க்கவேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஓர் இறங்குதுறை நாகபூசணி அம்மன் கோயிலுக்கு, மற்றது நாகவிகாரைக்கு. நேர்த்திக்கடனோடு வருகிறவர்கள் முதலாவதிலும், தெற்கிலிருந்து பஸ் பிடித்து வரும் யாத்திரிகர்கள் இரண்டாவதிலும் இறங்குவார்கள். கும்பிட்டு, அன்னதானத்தில் சாப்பிட்டு, அடுத்த படகுக்கு வரிசையில் நிற்பார்கள். அம்மன் கோயிலில் இருக்கும் கல்வெட்டைத் தேடிப் போய்ப் பார்க்கிறவர்கள் குறைவு.

பார்த்தாலும் பலன் உடனே கிடைக்காது. எழுத்து தமிழ், மொழி தமிழ். ஆனால் பத்திரிகை படித்துப் பழகிய கண்ணுக்கு முதலில் ஒன்றிரண்டு எழுத்துத்தான் பிடிபடும். மற்றவை கீறல்களாகவே தெரியும்.

அந்தக் கீறல்கள் சொல்வது ஒரு கப்பல் சட்டம். பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பிறப்பித்த ஆணை அது. ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், பரதேசிகள் வந்து இறங்கவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்துபோனால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடைமைக்காரனுக்கு. சாதாரண வணிகச் சரக்கு ஏற்றிவந்தது உடைந்தால் ஆளுக்குப் பாதி. அரசனுக்கு யானை, குதிரை மேல் பிரியம் என்பதைக் காரணமாகக் கல்லே சொல்லிவிடுகிறது. சிங்கள அரசன் ஒருவன் தன் துறைமுகச் சட்டத்தைத் தமிழில் வெட்டிவைத்தான் என்பதில் அரசியல் எதுவும் தேடவேண்டியதில்லை. கப்பல்காரனுக்கு விளங்கும் மொழியில் எழுதினால்தான் சட்டத்துக்குப் பிரயோசனம். பேராசிரியர் கா. இந்திரபாலா இந்தக் கல்வெட்டின் வாசகத்தை ஆராய்ந்து 1963இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். இன்று நாம் இதைப் பற்றிப் பேசுவதற்கு அடிப்படை அந்தக் கட்டுரை.

அச்சில் வந்த வாசகத்தைப் படித்துவிட்டுப் போனால் வேலை முடிந்தது என்று நினைக்கலாம். முடியாது. அச்சில் தெரிந்த சொல்லைக் கல்லில் காண இன்னொரு பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியை ஒரு முறையாக வளர்த்துவைத்திருக்கிறவர்கள் ஜப்பானியர்கள். அங்கே தூரிகை எழுத்துப் பழகுகிறவர் பழைய கல்வெட்டின் மைப்படியை முன்னால் வைத்துக்கொண்டு, அதே எழுத்தை அதே அளவில் திரும்பத் திரும்ப எழுதுவார். ரின்ஷோ என்று அதற்குப் பெயர். கண் தவறவிட்டதைக் கை கண்டுபிடிக்கும் என்பதுதான் அதன் அடிப்படை. நயினாதீவுக் கல்லுக்கும் இந்த வழி பொருந்தும். இந்த அத்தியாயம் அதற்கான கைநூல்.

எழுத்து வந்த இரண்டு பாதைகள்

ஜப்பானியர் எழுதும் காஞ்சி எழுத்துகள் சீனத்திலிருந்து வந்தவை. அவற்றின் மிகப் பழைய சான்றுகள் எலும்பில் கிடைத்தன. ஏறத்தாழ கி.மு. 1200 முதல் ஷாங் அரசர்கள் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் ஆமையின் அடியோட்டிலும் சூடு வைத்து வெடிப்பைப் பார்த்துக் குறி கேட்டார்கள். மழை வருமா, போரில் வெல்வோமா, பிள்ளைப்பேறு நல்லபடி நடக்குமா என்ற கேள்விகளை அந்த எலும்பிலேயே கீறி வைத்தார்கள். பின்னாளில் அவற்றை உழவர்கள் தோண்டியெடுத்து மருந்துக்கடைக்கு விற்றார்கள். டிராகன் எலும்பு என்ற பெயரில் அவை பொடியாகி நோயாளிகளின் வயிற்றுக்குள் போயின. 1899இல் வாங் யிரோங் என்ற அறிஞர் அவற்றில் இருப்பது பழைய எழுத்து என்று கண்டுகொண்டார்.

அந்த எலும்புகளில் சூரியன் நடுவில் புள்ளியிட்ட வட்டம். மலை மூன்று சிகரம். மரம் ஒரு தண்டு, மேலே கிளை, கீழே வேர். இரண்டு மரத்தைப் பக்கத்தில் வைத்தால் தோப்பு, மூன்றை வைத்தால் காடு. இன்றைய காஞ்சியில் சூரியன் வட்டமாக இல்லை. குறுக்கே ஒரு கோடு போட்ட நீள்சதுரம். கடினமான எலும்பில் கத்தியால் வட்டம் கீறுவது சிரமம். தூரிகைக்கும் ஒரே வீச்சில் மூடிய வட்டம் போடுவதைவிட நான்கு பக்கக் கோடு இழுப்பது சுலபம். சூரியன் சதுரமானதற்குக் காரணம் கருவிதான்.

தமிழ் எழுத்தின் பாதை வேறு. அது படத்திலிருந்து வந்ததல்ல. நமக்குத் தெரிந்த வரையில் தொடக்கத்திலிருந்தே ஒலிக்கு எழுத்து. மதுரைக்குப் பக்கத்து மாங்குளம் போன்ற குகைகளில் இருக்கும் தமிழ்ப் பிராமியில் ‘க’ ஒரு கூட்டல் குறி. ‘ர’ வெறும் நெடுங்கோடு. ‘ட’ வலப்பக்கம் திறந்த அரைவட்டம். ‘ப’ மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் ஏறக்குறைய ஒரே முகம்; இரண்டாயிரம் வருடமாக அதைத் திருத்த யாருக்கும் மனம் வரவில்லை போலும். 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் அந்தக் குகை எழுத்துகளின் மொழி தமிழ் என்று காட்டினார். ஐராவதம் மகாதேவன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அவற்றுக்கே கொடுத்து 2003இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். பிராமியிலிருந்து ஒரு கிளை வட்டெழுத்தாகப் போனது. பல்லவர் காலத்துக் கிரந்தத்தோடு உறவுள்ள மற்றொரு கிளை சோழர் ஆட்சியோடு பரவி, நாம் எழுதும் தமிழெழுத்தாக நிலைத்தது. நயினாதீவுக் கல் இந்த இரண்டாவது கிளையைச் சேர்ந்தது.

யாழ்ப்பாணத்திலேயே இதைவிடப் பழைய சான்று உண்டு. 1980இல் இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது ஒரு புதைகுழியில் சிறிய உலோக முத்திரை கிடைத்தது. அதில் இரண்டு வரி. கீழ்வரி மூன்று பிராமி எழுத்து. ‘கோவேத’ என்று படிக்கப்பட்டது. மேல்வரியில் இருப்பவை பிராமி அல்லாத குறிகள். அவை எழுத்தா, ஒரு குடியின் அடையாளமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 1936இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேட்டில் நாகதீவு என்ற பெயரே பிராமியில் இருக்கிறது. அதன் மொழி பிராகிருதம், காலம் வசப மன்னன் காலம். அந்தப் பெயர் நயினாதீவை மட்டுமன்றிக் குடாநாடு முழுவதையும் குறித்தது என்பது ஆய்வாளர் பெரும்பாலானோரின் கருத்து.

ஜப்பானிலும் எழுத்தின் முதற்சான்றுகளில் ஒன்று ஒரு தீவில் கிடைத்த பொன்தான். 1784இல் ஷிகானோஷிமா தீவில் வயல் வாய்க்காலைத் திருத்திய உழவர் ஒருவர் பொன் முத்திரை ஒன்றை எடுத்தார். பக்கம் 2.3 சென்ரிமீற்றர், எடை 108 கிராம். கி.பி. 57இல் சீனத்து ஹான் பேரரசர், நா என்ற சிற்றரசின் தலைவனுக்குக் கொடுத்தனுப்பியது அது என்று கொள்ளப்படுகிறது. அதில் உள்ளவை சீன எழுத்துகள். ஜப்பானியருக்கு அப்போது சொந்த எழுத்து இல்லை. பின்னர் அவர்கள் சீன எழுத்தையே எடுத்து, பொருளை விட்டுவிட்டு ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு தம் மொழியை எழுதப் பார்த்தார்கள். எட்டாம் நூற்றாண்டுக் கவிதைத் தொகுப்பான மன்யோஷூ அப்படி எழுதப்பட்டதுதான். வேகமாக எழுத எழுத அந்த எழுத்துகள் கரைந்து ஹிரகானா பிறந்தது. புத்த பிக்குகள் ஏட்டின் வரிகளுக்கிடையே குறிப்பெழுத எழுத்தின் ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அது கத்தகானா ஆயிற்று.

இங்கே தமிழ் வாசகர் கொஞ்சம் நிற்கவேண்டும். ஜப்பானியப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கும் வரிசை: அ, இ, உ, எ, ஒ, பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. இந்த ‘ஹ’ வரிசை பழைய காலத்தில் ‘ப’வாக ஒலித்தது. அதைப் போட்டுப் படித்தால் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. நம் நெடுங்கணக்கில் ஜப்பானிய மொழியில் இல்லாத எழுத்துகளை நீக்கிவிட்டுப் படித்தால் வருவதும் இதே வரிசைதான். வடமொழி மந்திரங்களைச் சரியாக ஓதுவதற்காகச் சித்தம் என்ற இந்திய எழுத்தைப் பயின்ற பிக்குகள் வழியாக, உறுப்புகளின் இடத்தை வைத்து ஒலிகளை அடுக்கும் இந்திய முறை அங்கே போய்ச் சேர்ந்தது. 806இல் சீனத்திலிருந்து திரும்பிய கூக்காய் அந்தச் சித்தக் கல்வியைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். ஜப்பானின் மூன்று பெரும் தூரிகைக்காரர்களில் ஒருவராகப் போற்றப்படுபவரும் அவரே.

எழுத்து வரிசை ஒன்று என்பதால் மொழிகளும் உறவு என்று ஆகிவிடாது. தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவுண்டு என்று வாதிட்ட சுசுமு ஓனோ (1919–2008) தோக்கியோவின் கக்குஷுயின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். மொழியியலாளர் பெரும்பாலோர் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வரிசை ஒற்றுமைக்கு அந்த வாதம் தேவையும் இல்லை. பிக்குகள் நடந்த பாதையே போதும்.

ஓலையும் தூரிகையும்

பழைய எழுத்தைப் படிக்க விரும்புகிறவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி: இதை எழுதிய கை எதைப் பிடித்திருந்தது?

தீவுப்பகுதியில் பனைக்குப் பஞ்சமில்லை. முற்றாத, ஆனால் நன்றாக விரிந்த ஓலையை எடுத்து, ஈர்க்கு நீக்கி, நிழலில் உலர்த்தி, மஞ்சள் சேர்த்த நீரில் அவித்து, மறுபடி உலர்த்தி, வழுவழுப்பாகத் தேய்த்து அளவாக நறுக்குவார்கள். எழுதுகிறவர் இடது கையில் ஏட்டைப் பிடிப்பார். இடது பெருவிரல் நகத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். எழுத்தாணியின் முனைப்பக்கம் அந்த வெட்டில் சாய்ந்து நிற்கும். எழுத்தாணி நகர்வது கொஞ்சம். ஏடு நகர்வதுதான் அதிகம். எழுதி முடிக்கும்போது ஏட்டில் நிறமே இருக்காது, கீறல்தான் இருக்கும். விளக்குக்கரியை எண்ணெயிலோ இலைச்சாற்றிலோ குழைத்துப் பூசித் துடைத்தால் மை கீறலுக்குள் மட்டும் தங்கி எழுத்து தெரியும்.

ஓலையின் நரம்பு நீளவாக்கில் ஓடும். அதே திசையில் நீண்ட கோடு இழுத்தால் ஏடு பிளக்கும். புள்ளி குத்தினால் ஓட்டை விழும். ஆகவே எழுத்து வளைந்தது, மெய்யெழுத்து தன் புள்ளியை இழந்தது. தென்னிலங்கையில் சிங்களம் எழுதியது தாளிப்பனையின் அகன்ற ஓலையில். சிங்கள எழுத்து இன்னும் உருண்டை. நயினாதீவில் தமிழும் சிங்களமும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய அறிவிப்புப் பலகைகள் முன்னால் ஒரு நிமிடம் நின்றால் இந்த வேறுபாடு தானாகத் தெரியும்.

கல்லில் வெட்டியவன் உளியைப் பிடித்திருந்தானே, அதில் ஏன் ஓலையின் வளைவு? ஏனென்றால் ஆணை முதலில் ஓலையில் எழுதப்படும். பிறகு எழுத்தறிந்தவர் அதைப் பார்த்துக் கல்லில் வரைந்துகொடுப்பார். கல்தச்சன் அந்தக் கோட்டின் மேல் உளி வைப்பான். கல்வெட்டு என்பது ஓலைக் கையெழுத்தின் பெரிய பிரதி.

தூரிகைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதற்கு வேறு கட்டுப்பாடு. மயிர் நனைந்தால் அழுத்தத்துக்கேற்பக் கோடு தடிக்கும், மெலியும். ஆகவே ஜப்பானியத் தூரிகை எழுத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் மூன்று முடிவுகளில் ஒன்று உண்டு: அழுத்தி நிறுத்துவது, சுண்டி எடுப்பது, மெல்ல விசிறி விடுவது. தோமே, ஹனே, ஹராய் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளுக்குத் தூரிகைப் பாடம் இருக்கிறது. புத்தாண்டின் இரண்டாம் நாள் அந்த வருடத்தின் முதல் எழுத்தை எழுதும் வழக்கமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்துப் பச்சையரிசியில் ‘அ’ எழுதவைக்கிறோமே, அந்தப் பிள்ளை முதலில் அறிவது எழுத்தின் வடிவத்தையல்ல, அதன் திசையை. எந்தப் பக்கம் தொடங்கி எந்தப் பக்கம் திரும்புவது என்பதை. கல்வெட்டுப் படிக்க வேண்டியதும் அந்த அறிவே.

கல்லுக்கு முன்னால்

முதலில் அனுமதி. கல்வெட்டு இருப்பது வழிபாடு நடக்கும் கோயிலில். பூசை நேரம் தவிர்த்துப் போகவேண்டும்; கோயில் அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் பார்க்கவேண்டும். ஆண்கள் உள்ளே போவதென்றால் மேற்சட்டை கழற்றவேண்டும். படமெடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். தேர்த் திருவிழா நடக்கும் ஆனி மாத நாட்களில் கல்வெட்டுப் பார்க்கப் போவது வீண் வேலை. கூட்டத்தில் கல்லே தெரியாது.

அடுத்தது வெளிச்சம். நடுப்பகல் வெயில் கல்வெட்டுக்கு எதிரி. நேரே விழும் ஒளி பள்ளத்தையும் மேட்டையும் ஒன்றாக்கிவிடும். காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் வெயில் விழும் நேரமே நல்லது. கல் நிழலில் இருந்தால் டோர்ச் போதும்: கல்லுக்கு நேரே பிடிக்காமல், அதன் விளிம்புக்குப் பக்கத்தில், மேற்பரப்பை உரசிக்கொண்டு போகிறமாதிரி ஒளியை விடவேண்டும். இடப்பக்கமிருந்து ஒரு படம், வலப்பக்கமிருந்து ஒரு படம், மேலிருந்து ஒரு படம். ஒரு திசையில் மறைந்த கீறல் இன்னொரு திசையில் எழுந்து நிற்கும். கோயிலுக்குள் ஒருவர் டோர்ச் பிடிக்க மற்றவர் படமெடுப்பது வசதி. தனியே போகிறவர் இரண்டு வேலையையும் செய்யப்போய் இரண்டையும் கெடுப்பார்.

செய்யக்கூடாதவை சில. எழுத்துத் தெரியட்டும் என்று சோக்கட்டியால் நிரப்பக்கூடாது. தவறாக நிரப்பிய எழுத்தை அடுத்து வருகிறவர் உண்மை என்று எண்ணிவிடுவார். எண்ணெய், திருநீறு, மாவு எதுவும் பூசக்கூடாது. ஆணியாலோ சாவியாலோ பாசியைச் சுரண்டுவது கல்வெட்டின் ஒரு வரியை நிரந்தரமாக அழிக்கப் போதும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம் இவற்றுக்கெல்லாம் பொருந்தும். மைப்படி எடுப்பதும் அப்படித்தான்; தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் கல்லில் தாளையும் மையையும் வைக்கக்கூடாது. ஆகவே கோயிலில் பார்வையும் படமும் மட்டும். மற்ற வேலை வீட்டில்.

கெட்டதா, கேட்டதா?

படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முதலில் தடுமாறவைப்பது இல்லாத புள்ளி. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் பொதுவாக மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. வரி முடிகிற இடத்தில் சொல் முறிந்து அடுத்த வரிக்குப் போகும்.

இரண்டாவது சிக்கல் ‘ர’வும் காலும். இன்று ‘ர’ வேறு, துணைக்கால் வேறு. அன்று இரண்டும் ஒரே வடிவம். ஆகவே மரக்கலம் என்ற சொல் கல்லில் ‘மரககலம’ என்று நிற்கும். முதல் இரண்டு எழுத்தை ‘மர’ என்றும் படிக்கலாம், ‘மா’ என்றும் படிக்கலாம். எது சரி என்று எழுத்து சொல்லாது, பக்கத்துச் சொல்தான் சொல்லும்.

மூன்றாவது குறிலும் நெடிலும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைச் சுழிக் கொம்புக்கும் உள்ள வேறுபாடு பழைய கல்வெட்டுகளில் இல்லை. அதைப் பரவலாக்கிய பெருமை வீரமாமுனிவர் என்று நாம் அழைக்கும் பெஸ்கி பாதிரியாருக்கு (1680–1747) உரியது. நயினாதீவு ஆணையின் உயிர்நாடி மரக்கலம் கெட்டுப்போனால் என்ன செய்வது என்பது. ‘கெட்டது’ என்பதையும் ‘கேட்டது’ என்பதையும் அந்தக் காலத்து எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றே. கப்பல் உடைந்ததா, கப்பல் ஏதாவது கேட்டதா? முன்னே மரக்கலமும் பின்னே பண்டாரமும் பங்கும் வருவதால் குழப்பம் தீர்கிறது. இந்த ஒரு சொல்லைக் கொப்பியில் பழைய முறையில் பத்துத் தரம் எழுதிப் பார்த்தவருக்குக் கல்வெட்டின் மற்ற வரிகளில் பாதி வழி திறந்துவிடும்.

நான்காவதாக, வடசொற்கள் வரும் இடத்தில் கிரந்த எழுத்துக் கலந்திருக்கும். பாதுகாப்பைக் குறிக்கும் ரக்ஷை, பிரியத்தைக் குறிக்கும் ஸ்நேகம் போன்றவை அப்படி. தமிழெழுத்துகளுக்கு நடுவே திடீரென ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய சிக்கலான வடிவம் தெரிந்தால் அது சிதைவல்ல. கிரந்தக் கூட்டெழுத்தாக இருக்கலாம்.

வேலையை முதல் வரியிலிருந்து தொடங்குவது புதியவர் எல்லோரும் செய்வது. அது நல்ல வழியல்ல. கல்வெட்டின் தொடக்கம் பெரும்பாலும் அரசன் பெயரும் பட்டமுமாகக் கிரந்தம் மிகுந்து கடினமாக இருக்கும். அதைவிட, இரண்டு முறை வரும் சொல்லைத் தேடுவது மேல். இந்த ஆணையில் யானைக் கப்பலுக்கு ஒரு விதி, வாணிகக் கப்பலுக்கு ஒரு விதி என்பதால் மரக்கலம், பண்டாரம், உடையவன் ஆகிய சொற்கள் திரும்ப வருகின்றன. ஒரு சொல்லின் வடிவம் இரண்டு இடத்தில் ஒத்துவந்தால் அதிலுள்ள எழுத்துகளைத் தனித்தாளில் வரைந்து அட்டவணை தொடங்கலாம்: ம, ர, க, ல. நான்கு எழுத்துத் தெரிந்தால் ஐந்தாவது தானாக வரும்.

வீட்டில் மைப்படி

கோயில் கல்லில் செய்யமுடியாததைச் சொந்தக் கல்லில் செய்து பழகலாம். கைவசம் எழுத்து வெட்டிய கல் இல்லையென்றால் பலகையில் களிமண்ணையோ பரிஸ் சாந்தையோ பரப்பி, முக்கால் இறுகிய பதத்தில் ஆணியால் எழுத்துகளைக் கீறி, நன்றாகக் காயவிட்டு, சாந்து நீரில் கரையாதபடி மேலே வார்னிஷ் பூசினால் போதும்.

முறை இது. மேற்பரப்பை மெல்லிய பிரஷால் தூசு தட்டித் துடைக்கவேண்டும். ஒட்டுப் பசை இல்லாத, நார்ப்பிடிப்புள்ள மெல்லிய தாளைத் தண்ணீரில் நனைத்து மேலே விரித்து, நடுவிலிருந்து விளிம்புக்குக் காற்றை வெளியே தள்ளவேண்டும். பிறகு மயிர் நெருக்கமான பிரஷால் தாளைச் செங்குத்தாகத் தட்டவேண்டும். தேய்க்கக்கூடாது, தேய்த்தால் கிழியும். தட்டத் தட்டத் தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். கிழிந்த இடத்தில் இன்னொரு ஈரத்துண்டை வைத்துத் தட்டினால் ஒட்டிக்கொள்ளும். இப்போது காத்திருக்கவேண்டும். தாள் பளபளப்பு நீங்கி, தொட்டால் குளிர்ச்சி மட்டும் இருக்கும் பதத்தில் மை.

பஞ்சைத் துணியில் பொட்டலமாகக் கட்டினால் அதுவே மை ஒற்றி. மையில் நேரே தோய்க்காமல், ஒரு பலகையில் மை தடவி அதில் ஒற்றியைத் தட்டி எடுத்து, அதிகமானதைப் பழைய பத்திரிகையில் விட்டுவிட்டுத் தாளில் மெல்ல ஒற்றவேண்டும். மேடான பகுதி கறுக்கும். பள்ளத்திலுள்ள எழுத்து வெள்ளையாக நிற்கும். தாளின் முன்பக்கத்திலேயே மை படுவதால் எழுத்து தலைகீழாகவோ கண்ணாடிப் பிம்பமாகவோ வராது, நேரே படிக்கலாம். முதல் முயற்சிகளில் மை கூடிப்போய்ப் பள்ளத்துக்குள்ளும் ஓடிவிடுவது வழக்கம். மையைக் குறைத்து, ஒற்றுவதன் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் அதற்கு மருந்து.

தமிழ்நாட்டுக் கல்வெட்டுத் துறையினர் செய்வதும் ஜப்பானியர் தகுஹோன் என்று சொல்லிச் செய்வதும் அடிப்படையில் இதே முறை. கிழக்காசியாவில் இதன் மதிப்பு மிகப் பெரியது. சீனத் தூரிகை எழுத்தின் தலைமகனாகக் கருதப்படும் வாங் ஷிஜி நான்காம் நூற்றாண்டுக்காரர். அவர் கைப்பட எழுதிய தாள் ஒன்றுகூட இன்று இல்லை. பார்த்து எழுதிய பிரதிகளும், கல்லில் வெட்டி எடுத்த படிகளுமே அவரை இவ்வளவு காலம் வாழவைத்தன.

தூரிகையைப் பிடித்தல்

இதற்கு விலையுயர்ந்த சாமான் தேவையில்லை. ஜப்பானிய மைக்கட்டி புகைக்கரியையும் விலங்குப் பசையையும் பிசைந்து உலர்த்தியது. நாரா நகரில் 1577 முதல் மை செய்துவரும் கொபாயென் நிறுவனத்தில் எண்ணெய் விளக்குகளுக்கு மேல் மண்சட்டி கவிழ்த்துப் புகைக்கரி சேர்க்கிறார்கள். நம் வீடுகளில் கண்மைக்குக் கரி பிடித்த அதே வழி. பழகுகிறவருக்குக் கடையில் கிடைக்கும் கறுப்பு மையும், நுனி கூரான வட்டத் தூரிகையும், பழைய பத்திரிகைத் தாளும் போதும். பத்திரிகை எழுத்தின் மேலேயே கறுப்பில் எழுதலாம். தாள் வீணாகிறதே என்ற பயம் இல்லாதபோதுதான் கை இளகும்.

தூரிகையை நிமிர்த்திப் பிடிக்கவேண்டும். மணிக்கட்டை மேசையில் ஊன்றக்கூடாது. கோடு தோளிலிருந்து வரவேண்டும். முதலில் ‘ப’. மேலிருந்து கீழே, நிறுத்து. இடமிருந்து வலம், நிறுத்து. கீழிருந்து மேலே, விசிறி விடு. அடுத்து ‘ட’, பிறகு ‘ம’. சுழியுள்ள ‘ழ’, ‘ன’, ‘ண’ கடைசியில். தூரிகையால் சுழி போடும்போது மயிர் முறுக்கிக்கொள்ளும், அதை எப்படித் திருப்புவது என்று விரல் தானாகக் கற்கும். நாலைந்து எழுத்துப் பிடிபட்டதும் கல்லிலிருந்து எடுத்த படத்தை முன்னால் வைத்து, அந்த வடிவத்திலேயே எழுதத் தொடங்கலாம். ஓலைக்குப் பிறந்த எழுத்து தூரிகையில் அவ்வளவு அழகாக வராது என்பதையும் சொல்லிவிடவேண்டும். அழகு இங்கே நோக்கமல்ல. எழுதும்போது ‘இந்த வளைவு எங்கே தொடங்கியது?’ என்று கை நின்று யோசிக்கும் இடமே கல்வெட்டில் கண் தவறிய இடம். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும்.

இவ்வளவும் பழகியவருக்கு அடுத்த பாடம் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோவின் பெயரால் 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டு வெட்டிய கல் அது. 1911இல் காலி நகரில் ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்ததைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று எழுத்தும் ஒரே கல்லில். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்லப்படுகிறது. சீனத்திலேயே வெட்டிக் கப்பலில் கொண்டுவந்தது என்பது பொதுவான கருத்து. அப்படியானால் தமிழ் தெரியாத கல்தச்சன் யாரோ எழுதிக்கொடுத்த வடிவத்தைப் பார்த்து வெட்டியிருக்கக்கூடும். அங்கே போகிறவர் சீன எழுத்தின் நறுக்கான முனைகளை முதலில் பார்த்துவிட்டு, அதே கண்ணோடு தமிழ்ப் பகுதிக்கு வரவேண்டும். நயினாதீவில் தயாரித்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ‘ம’, ‘ர’, ‘க’ மூன்றையும் தேடவேண்டும். இரண்டு கற்களுக்கும் இடையே இருநூற்றுச் சொச்சம் வருடம். ‘க’ எவ்வளவு மாறியிருக்கிறது, ‘ப’ மாறியதா என்பதை அட்டவணையில் இன்னொரு நிரலாக வரைந்துகொள்ளலாம். கல்லுக்கு முன்னால் கண்ணாடியோ தடுப்போ இருந்தால் சாய்வு வெளிச்சம் கிடைப்பது சிரமம். டோர்ச் பயன்படுத்தலாமா என்பதை உள்ளே போகும்போதே காவலரிடம் கேட்டுவிடுவது நல்லது.